குழந்தைகளுக்கான இயற்கைக் கற்றல் பெட்டி: மூன்று மாதச் சந்தாவுக்குப் பின் ஒரு மதிப்பீடு

எங்கள் வீடு குமரி மாவட்டத்தில், தக்கலைக்கும் திருவட்டாறுக்கும் இடையே, ஒரு பக்கம் ரப்பரும் மறுபக்கம் மரச்சீனியும் (மரவள்ளி) நிற்கும் ஒரு விளையில், அதாவது தோட்டத்தில், இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் குடியிருந்துகொண்டு, இலையும் விதையும் அடைத்த பெட்டிக்கு மாதச் சந்தா கட்டுவது பலருக்குச் சிரிப்பை வரவழைக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. முதல் பெட்டி வந்த அன்று என் மாமனாரே அதைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்தக் கொட்டைக்கா பைசா குடுத்த?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் எங்கள் வீட்டில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். மாலை ஐந்தரை மணிக்கு மேல் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில், நாலரை வயது மகளை முற்றத்துக்கு அழைத்துப்போய் என்ன செய்வது என்று யோசிக்கும் தெம்பு எனக்கு மிச்சம் இருப்பதில்லை, அந்த இடைவெளியில் கைப்பேசி அவள் கைக்குப் போய்விடுகிறது. யோசிக்கும் வேலையை வேறு யாரிடமாவது ஒப்படைக்கலாம் என்றுதான் பணம் கட்டினேன். அந்த வேலையை அவர்கள் ஒழுங்காகச் செய்திருக்கிறார்களா என்பதையே இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இதே அமைப்பிலான பெட்டிகளை இன்று பலர் விற்கிறார்கள். எதை வாங்கினாலும் கவனிக்க வேண்டியவை ஏறக்குறைய இவைதான்.

மூன்று மாதச் சந்தா ரூ.3,450. ஒரு மாதப் பெட்டியை மட்டும் வாங்கினால் ரூ.1,250. மூன்று முதல் ஆறு வயது வரை என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறார்கள். உள்ளே பன்னிரண்டு செயல் அட்டைகள், விதை, உலர்ந்த பூ, சிப்பி, நூல் போன்றவை அடங்கிய சிறு துணிப்பைகள், ஒரு வெற்றுக் குறிப்பேடு, மாதத்துக்கு ஒரு கருவி ஆகியவை இருக்கும். மே மாதம் உருப்பெருக்கிக் கண்ணாடியும், ஜூன் மாதம் துணிவலையால் ஆன கூடும், ஜூலை மாதம் காந்தமும் வந்தன. அட்டைகளின் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ். கூரியர் எங்கள் ஊர் வரை வருவதில்லை; முகவரியில் 'விளை' என்று முடியும் ஊர்ப் பெயரைப் பார்த்ததும், அந்தப் பெயரில் முடியும் இன்னும் நாலைந்து ஊர்களில் எது என்று கேட்டுத் தொலைபேசியில் அழைப்பார்கள், கடைசியில் நாமே தக்கலைக்குப் போய் வாங்கி வர வேண்டும். அதை நிறுவனத்தின் குறையாக எண்ண மாட்டேன்.

மே மாதப் பெட்டியில், எண்ணிக்கை பழகுவதற்கு என்று குறிக்கப்பட்டிருந்த துணிப்பையை என் மகள் பாயில் கொட்டியபோது, அதிலிருந்து உருண்டவை முப்பது குன்றிமணிகள். சிவந்த உடல், ஒரு முனையில் கருப்புப் பொட்டு, பார்க்க அத்தனை அழகு. அவள் ஒன்றை எடுத்து, மிட்டாயைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திண்ணையில் இருந்த மாமனார் எழுந்து வந்து, "அத வாயில வைக்கப்பிடாது மக்கா, இங்க தா" என்று அவள் கையிலிருந்ததை முதலில் வாங்கிக்கொண்டார், பிறகு பாயில் கிடந்தவற்றை எண்ணி எண்ணிப் பொறுக்கினார். இருபத்தொன்பதுதான் இருந்தன. முப்பதாவது விதையை ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் கண்டெடுக்கும் வரை வீட்டில் ஒருவர் முகத்திலும் ரத்தமில்லை.

குன்றிமணியில் உள்ள அப்ரின் என்ற நஞ்சு மிகக் கொடியது. தோல் உடையாமல் முழுதாக விழுங்கிவிட்டால் அது பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும் என்றாலும், மென்றோ, துளையிட்ட நிலையிலோ உள்ளே போனால் மிகச் சிறிய அளவே உயிருக்கு ஆபத்தாக முடியும். பொற்கொல்லர் தராசிலும் களிமண் பிள்ளையாரின் கண்ணிலும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகிய பொருள் என்பதாலேயே நமக்கு அதன் மேல் பயம் குறைவு. 'ஒரு குன்றிமணித் தங்கம்' என்று பேச்சிலேயே அது கலந்து கிடக்கிறது. ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு என்று சொல்லி விற்கும் பெட்டியில் அதை அடைப்பது வேறு விஷயம். அந்த இடத்தில் மஞ்சாடியை வைத்திருந்தால் இந்த அச்சம் வந்திருக்காது. கருப்புப் பொட்டு இல்லாமல் முழுக்கச் சிவந்து, தட்டையாக இருக்கும் அந்த விதையை எங்கள் பக்கத்தில் மரத்தடியிலேயே பொறுக்கலாம். சிறு குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்ற கவலை எல்லா விதைக்கும் பொது. அதற்குப் பெரியவர் ஒருவர் அருகில் இருந்தால் போதும். நஞ்சுக்கு அது போதாது.

நிறுவனத்துக்கு அன்றிரவே எழுதினேன். ஒன்பது நாள் கழித்து வந்த பதிலில், தங்கள் பொருள்கள் அனைத்தும் இயற்கையானவை, ரசாயனம் கலக்காதவை என்று விளக்கியிருந்தார்கள். அரளியும் எருக்கும் கூட ரசாயனம் கலக்காதவைதாம். இரண்டாம் முறை சற்றுக் கடுமையாக எழுதிய பிறகு, இனி அந்தப் பையில் எச்சரிக்கை ஒட்டுவோம் என்றார்கள். ஒட்டுகிறார்களா என்பதைவிட, அந்த விதையை எடுத்துவிடுகிறார்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜனவரி முதல் கட்டாயமாகிவிட்டது. பெட்டியில் வந்த பிளாஸ்டிக் உருப்பெருக்கிக் கண்ணாடியில் அந்த முத்திரை பளிச்சென்று இருக்கிறது. அதன் பக்கத்திலேயே கிடந்த விதைப்பையின் மேல் எதுவும் இல்லை.

மற்றத் துணிப்பைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சங்குப்பூ உலர்த்தி வந்தது. வேலியில் அது பூத்துக் கிடக்க, நாங்கள் பையைப் பிரிக்கவே இல்லை. பத்துப் பூவை வெந்நீரில் போட்டு, நீல நீர் இறங்கியதும் ஒரு தம்ளரில் எலுமிச்சைச் சாறும் மற்றொன்றில் சோப்புத் தண்ணீரும் விடச் சொல்கிறது அட்டை. முதல் தம்ளர் கத்தரிப்பூ நிறத்துக்கும் இரண்டாவது பச்சைக்கும் மாறியபோது அவள் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் இருவர் மதில் ஏறிவிட்டார்கள். ஜூலையில் வந்த வாசனைப் பைகளில் கிராம்பும் ஏலமும் மணமே இல்லாமல் இருந்தன. மாறாமலைப் பக்கம் விளையும் கிராம்புக்குப் புவிசார் குறியீடே வாங்கி வைத்திருக்கும் மாவட்டத்துக்கு, எங்கிருந்தோ வந்த பழங்கிராம்பு! அஞ்சறைப்பெட்டியிலிருந்து கிராம்பு, நல்லமிளகு, சீரகம், சுக்கு என்று நாங்களே துணியில் முடிந்து, கண்ணைக் கட்டி முகரவைத்தோம், ஆட்டம் நன்றாகவே நடந்தது.

முளைவிடும் விதை பற்றிய அட்டை எல்லாப் பெட்டியிலும் எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான்: நனைத்த பஞ்சில் பாசிப்பயறு வைத்து, இரண்டு நாளில் முளை பார்ப்பது. அதன் அடியில் ஒரு கேள்வி அச்சிட்டிருந்தார்கள்: 'விதை இல்லாமல் செடி வருமா?' பதில் எழுதவில்லை. எனக்குப் பிடித்த அட்டை அதுவே, ஏனெனில் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மாமனார் ஒரு வாரம் பாடம் நடத்தினார். மரச்சீனிக் கம்பை ஒரு சாண் அளவுக்கு வெட்டி நடவைத்தார், வாழைக்கன்று தாயின் அடியிலிருந்து பிரிவதைக் காட்டினார், பிறகு கிணற்றங்கரையில் நின்ற ரணகள்ளியின் இலை ஒன்றைப் பறித்து, நூலில் கட்டிச் சமையலறைச் சன்னலில் தொங்கவிட்டார். ஊரில் அதற்கு 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று பெயரே உண்டு. மண்ணும் நீரும் இல்லாமல், இலையின் ஓரப் பள்ளங்களில் கடுகளவு செடிகள் வேருடன் கிளம்பியதைக் கண்ணாடி வழியே பார்த்த என் மகள், இலைக்கு அம்மா என்று பெயர் வைத்துவிட்டாள். பெட்டியில் அந்த இலை இல்லை, ஆனால் அந்தக் கேள்வி இல்லாமல் மாமனாருக்கு அதைப் பறித்துக் கட்டத் தோன்றியிருக்காது. அவருக்கு எத்தனையோ செடிகளின் பெயர் தெரியும். கேட்டால் பெயரைச் சொல்வார், அதோடு சரி. இந்த அட்டைகள் அவரைப் பேசவைத்தன. நான் ரூ.3,450 கொடுத்ததில் பாதிக்கு மேல் இதற்கே சரியாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

தமிழ்ப் பக்கம் பற்றி ஒரு கடுமையான புகார் உண்டு. ஆங்கிலத்தை எழுதியவர் குழந்தைகளை அறிந்தவர். தமிழாக்கியவர் புழுவை அறியாதவர். ஜூன் மாத அட்டையில், 'கம்பளிப்பூச்சியை மெதுவாகக் கையில் எடுத்து, அது நடப்பதை உணருங்கள்' என்று அச்சிட்டிருந்தார்கள். ஆங்கிலப் பக்கத்தில் இருந்தது பொதுவாகப் பட்டாம்பூச்சியின் புழுவைக் குறிக்கும் சொல்; தமிழில் கம்பளிப்பூச்சி என்றால், முருங்கை மரத்தில் கொத்துக் கொத்தாக அப்பிக் கிடக்குமே, தொட்ட இடமெல்லாம் தடித்து அரிக்குமே, அதைத்தான் யாரும் நினைப்பார்கள். அட்டையை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்த என் மாமியார் பாதியில் நிறுத்தி, "இது யாரு எழுதினது, இவனுக்கு முருங்கமரமே தெரியாதா?" என்று என்னைப் பார்த்தார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத ஒரு தாயோ பாட்டியோ அந்த அட்டையை நம்பி நடந்திருந்தால், குழந்தையின் கை வீங்கியிருக்கும். 'புழு' என்ற எளிய சொல் போதும் என்ற இடத்தில் இந்த வினை.

இந்தத் தவற்றைக் கடந்து வந்தால், அந்த ஜூன் மாதப் பெட்டிதான் மூன்றிலும் சிறந்தது. முழ உயரத்தில், உருளை வடிவில், மேலே ஜிப் வைத்த வலைக்கூடு அது. எங்கள் முற்றத்துக் கறிவேப்பிலையில், இலை மேல் பறவை எச்சம் விழுந்ததுபோலப் பழுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கொண்டிருந்தவற்றைக் கண்ணாடியால் பார்த்த பிறகே அவை புழுக்கள் என்று எங்களுக்குத் தெரிந்தது; இத்தனை ஆண்டுகள் அதே மரத்தில் தாளிப்புக்கு இலை பறித்திருக்கிறேன். ஐந்து புழுக்களைக் கொம்போடு கொண்டுவந்து கூட்டில் விட்டோம். தினமும் காலையில் புதுக் கொம்பு வைப்பதும், அடியில் மிளகு மிளகாகச் சேரும் எச்சத்தைத் தட்டி எடுப்பதும் அவள் வேலை. ஒரு வாரத்துக்குள் அவை தோலுரித்து, பச்சைப் பசேலென்று, தலைப்பக்கத்தில் கண்போன்ற குறியுடன் விரல் பருமனுக்கு வளர்ந்துவிட்டன. துடைப்பக் குச்சியால் ஒன்றின் முதுகை மெல்லத் தொட்டாள். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பு நிறத்தில், பாம்பின் நாக்குப்போல இரண்டாகப் பிளந்த கொம்பு ஒன்று வெளியே நீண்டு, ஒரு காரமான நாற்றத்தை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டது. எதிரியை விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம் அதுவே. அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு திண்ணை வரை ஓடினாள், திரும்பி வந்து இன்னொரு முறை தொட்டாள்.

கூட்டின் வலை எறும்பைத் தடுக்கும் என்று அட்டை சொல்கிறது. தடுக்கவில்லை. இரண்டாம் நாளே முசிறுகள் ஜிப்பின் இடுக்கு வழியே வந்துவிட்டன. கூட்டை ஸ்டூலின் மேல் வைத்து, ஸ்டூலின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய சிரட்டைகளில் நிறுத்திய பிறகே தொல்லை நின்றது. ஐந்தில் மூன்று பட்டாம்பூச்சிகள் வந்தன. கூட்டுப்புழுவான பத்தாம் நாள் காலையில் முதலாவது வெளியே வந்தபோது, இறக்கைகள் கசங்கிய ஈரத்துணியைப்போலத் தொங்கின. அவை விரிந்து காய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, அன்று நான் அலுவலகத்துக்குத் தாமதமாகவே போனேன். கருப்பு இறக்கையின் பின்பகுதியில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக ஓடும், நம் தோட்டங்களில் சாதாரணமாகக் காணும் வகைதான் அது. ஒரு புழு காரணம் தெரியாமல் செத்தது. ஐந்தாவதன் கூட்டில் குண்டூசித் துளை ஒன்று விழுந்து, அதன் வழியே கொசுவை ஒத்த சின்னஞ்சிறு குளவிகள் வரிசையாக வெளியே வந்தன. அந்தக் குளவிகள் கூட்டுப்புழுவின் உள்ளே முட்டையிடும், உள்ளே பொரித்தவை அதையே தின்று வளரும். அட்டையில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. குழந்தை அழுமோ என்று நான் தயங்கிக்கொண்டிருக்க, அவள் குளவிகளை எண்ணத் தொடங்கியிருந்தாள்; பதினேழோடு எண்ணிக்கை குழம்பியது. அன்றைய குறிப்பேட்டுப் பக்கத்தில் பட்டாம்பூச்சி இல்லை, பதினேழு புள்ளிகள் மட்டும் இருக்கின்றன.

எந்த ஊரை மனத்தில் வைத்து இந்தப் பெட்டியைத் தயாரித்தார்கள் என்பது பருவச் சக்கரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். வட்ட அட்டையின் நடுவே ஒரு முள், சுற்றிலும் பன்னிரண்டு மாதங்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மஞ்சள் சூரியன், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் குடை. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு இது பொருந்தலாம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கும் குமரி மாவட்டத்தில், ஜூன் மாதம் என்பது ரப்பர் மரங்களுக்கு மழைத் தடுப்பாகப் பிளாஸ்டிக் பாவாடை கட்டி முடித்திருக்கும் மாதம். வெளியே ஓட்டில் மழை கொட்ட, சக்கரத்தில் சூரியனைப் பார்த்த குழந்தை எதை நம்புவாள்? அவள் சக்கரத்தை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள், அது சரியான தீர்ப்புதான். நாங்கள் அந்தச் சக்கரத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, எங்கள் மாதங்களை எழுதிக்கொண்டிருக்கிறோம்: சக்கை (பலா) பழுக்கும் மாதம், கொல்லாம்பழம் (முந்திரிப்பழம்) விழும் மாதம், ரப்பர் காய் வெடிக்கும் மாதம், டிசம்பருக்குப் பின் ரப்பர் இலை பழுத்து உதிரும் மாதம். இலை நிறம் மாறி உதிர்வதை எங்கோ குளிர்நாட்டுப் படத்தில் காட்ட வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை.

இதைவிடப் பெரிய தவறு நிழல் அட்டையில் இருந்தது. முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் நிழலின் நுனியைச் சுண்ணாம்பால் குறிக்க வேண்டும்; நல்ல செயல், செலவும் இல்லை. ஆனால் 'நண்பகலில் நிழல் எப்போதும் வடக்கு நோக்கி விழும், இதை வைத்துக் குழந்தைக்குத் திசை கற்பிக்கலாம்' என்று அட்டை சொல்கிறது. ஜூன் மாதத்தில் மேகம் விலகிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டேகால் மணி வாக்கில் நாங்கள் குறித்த நிழல், கையளவு நீளத்தில், தெளிவாகத் தெற்கே கிடந்தது. குச்சி சாய்ந்திருக்கிறதோ என்று தூக்குக் குண்டு கட்டிப் பார்த்தேன், சாயவில்லை. காரணம் எளியது. நம் மாவட்டம் ஏறத்தாழ எட்டு டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது; ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலையைக் கடந்து வடக்கே போய், ஆகஸ்டு முடிந்து செப்டம்பர் பிறக்கும் சமயத்தில்தான் மீண்டும் தெற்கே திரும்புகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கேதான் விழும். அந்த இரு சந்திப்பு நாள்களில் குச்சிக்கு நண்பகல் நிழலே இராது. குழந்தைக்குக் காட்ட அதைவிட வேடிக்கையான காட்சி ஏது? இதை அறிந்து எழுதியிருந்தால் பெட்டியிலேயே சிறந்த அட்டையாக இது ஆகியிருக்கும்.

'குட்டிக் குளம்' என்ற அட்டையைச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன், அல்லது மாற்றிச் செய்யுங்கள். அகன்ற பாத்திரத்தில் மழைநீர் பிடித்து, ஒரு மாதம் முற்றத்தில் திறந்து வைத்து, என்னென்ன உயிர்கள் வருகின்றன என்று பார்க்கச் சொல்கிறது. என்ன வரும் என்பது ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் எவருக்கும் தெரியும். பால் வடியக் கட்டிய சிரட்டையில் தேங்கும் மழைநீரிலேயே டெங்குக் கொசு பெருகுகிறது என்பதால்தான் சிரட்டைகளைக் கவிழ்த்துவைக்கச் சொல்கிறார்கள். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். நாங்கள் ஞாயிறு பிடித்த நீரைச் சனிக்கிழமை மண்ணில் கவிழ்த்துவிட்டோம். அந்த ஆறு நாளில் நெளியும் புழுக்களைக் கண்ணாடியில் பார்த்தாயிற்று. எதற்காகக் கவிழ்க்கிறோம் என்பதையும் சொல்லியாயிற்று.

காந்தம் வந்த ஜூலைப் பெட்டியில், மணலில் காந்தத்தை ஓட்டி ஒட்டுவதைப் பிரித்தெடுக்கும் செயல் இருந்தது. ஆற்று மணலில் நாலைந்து கருந்துகள் ஒட்டின, குழந்தைக்கு அது போதவில்லை. என் தாய்வீடு மணவாளக்குறிச்சிக்குப் பக்கம் என்பதால் அடுத்த விடுமுறையில் கடற்கரையில் முயன்றோம். காந்தத்தின் முகம் முழுதும் கருமணல் மீசைபோல நின்றது. அந்தக் கரையின் மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் ஆகிய கனிமங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசு ஆலையே அங்கே இயங்குகிறது. சிவந்த திட்டாகத் தெரிவது கார்னெட் என்றும், கரையில் அலையே இவற்றைக் கனத்துக்கேற்பப் பிரித்து வைக்கிறது என்றும் சொன்னபோது, அவள் ஈரமணலில் தானே வாய்க்கால் வெட்டி நீர் விட்டு, கருப்பு தங்குவதையும் வெளுப்பு ஓடுவதையும் பார்த்தாள். அட்டை இதோடு நிற்காமல், பிரித்த மணலைப் புட்டியில் அடைத்துப் படிக்கும் மேசையில் அலங்காரமாக வைக்கச் சொல்கிறது. வேறு ஊர் மணலுக்கு அது சரி. எங்கள் கரை மணலில் உள்ள மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருப்பதால், அதைச் சேர்த்து வீட்டுக்குள் வைக்க எனக்கு மனமில்லை. கரையிலேயே விளையாடி, கையைக் கழுவிவிட்டுத் திரும்பினோம்.

இத்தனைக்கும் பிறகு பெட்டி வாங்கத் தகுந்ததா என்று கேட்டால், வாங்குபவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்தது என்பேன். நாகர்கோவிலில் மாடிக் குடியிருப்பு ஒன்றில் இருக்கும் என் தங்கைக்கு ஜூலைப் பெட்டியின் துணிப்பைகளைக் கொடுத்தேன். விதையும் சிப்பியும் உலர்ந்த பூவும் அவள் மகனுக்குப் புதியவை, அவற்றை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருக்கிறான். எங்கள் வீட்டில் அவை பெரும்பாலும் பிரிக்கப்படாமலே கிடந்தன. மாறாக, கண்ணாடியும் வலைக்கூடும் இரண்டு வீட்டுக்கும் உதவும். கண்ணாடி ஐந்து மடங்கு பெருக்கிக் காட்டுகிறது; விளிம்பு ரப்பரால் ஆனது, இதுவரை மூன்று முறை கீழே விழுந்தும் கீறல் இல்லை. குறிப்பேட்டைக் கோடில்லாத தடித்த தாளில் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். குழந்தை வரைய இடது பக்கம், அவள் சொல்வதைச் சொன்னபடியே பெரியவர் எழுத வலது பக்கம். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவருக்கு என் வணக்கம். வலது பக்கத்தில் மாமனாரின் கையெழுத்து நடுங்கி நடுங்கி ஓடுகிறது. 'எலைக்கு ஏன் வாய் இல்ல' என்று அவள் கேட்டதை அவர் திருத்தாமல் அப்படியே எழுதியிருக்கிறார்.

சந்தாவாக வாங்க வேண்டாம். ஒரே ஒரு மாதம், அதுவும் வலைக்கூடு வரும் மாதம் எது என்று கேட்டு வாங்குங்கள். பெட்டி வந்ததும் குழந்தைக்கு முன் நீங்கள் திறந்து, விதைப் பைகள் அனைத்தையும் தட்டில் கொட்டிப் பாருங்கள். தமிழ்ப் பக்கத்தை நம்பாமல் ஆங்கிலப் பக்கத்தையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள், அல்லது வாசிக்கத் தெரிந்தவரிடம் கேளுங்கள். திசையும் பருவமும் வரும் அட்டைகளை உங்கள் முற்றத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே குழந்தைக்குச் சொல்லுங்கள்.

எங்கள் சந்தா ஜூலையோடு முடிந்தது, புதுப்பிக்கவில்லை. வலைக்கூட்டை மட்டும் தனியாக விற்பார்களா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்; இந்த மழையின் ஈரத்தில் பழையதன் ஜிப் துருப்பிடித்துப் பாதியில் நின்றுவிட்டது, கறிவேப்பிலையிலோ மறுபடியும் பறவை எச்சம்போல ஏழெட்டு ஒட்டியிருக்கின்றன.